மலேசியாவின் சுங்கை சிப்புட் கிளினிக்குக்கு எது முதலில்: கூகுள் மேப்பா, சொந்த அகப்பக்கமா?

தோட்டத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். இரவு எட்டு மணிக்குத் தாய் கைப்பேசியில் தேடுவது ஒன்றுதான்: இப்போது எந்த கிளினிக் திறந்திருக்கிறது? அதற்குப் பதில் சொல்வது மேப். அதில் கிளினிக்கைப் பதிவது இலவசம். பெயர்ப்பலகையையும் கிளினிக்கின் உட்புறத்தையும் காட்டும் காணொளி மூலம் உரிமையை உறுதிப்படுத்தும்படி கூகுள் கேட்கலாம். பலர் கோட்டைவிடுவது நேரத்தில்தான். தீபாவளி, தைப்பூச நாள்களுக்குச் 'சிறப்பு நேரம்' போடாவிட்டால், பூட்டிய கடைவாசல் வரை வந்து திரும்பும் குடும்பம் மறுபடி வராது. விமர்சனங்களுக்குப் பதில் எழுதலாம். ஆனால் நோயையோ சிகிச்சையையோ அதில் குறிப்பிடவே கூடாது.

மேப்பில் விளக்கம் சொல்ல இடம் குறைவு. அங்கே அகப்பக்கம் உதவும். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசின் பெக்கா பி40 பரிசோதனை, நீரிழிவு, தடுப்பூசி என ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் மலாயிலும் தனிப்பக்கம் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் திணித்தால் தேடலில் மேலே வருவது கடினம். முதன்மைப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும்; தோட்டப்புறத்தில் இணைய வேகம் குறைவு, ஆகவே படங்களைச் சுருக்குங்கள். வாட்ஸ்அப் இணைப்பில் மலேசியக் குறியீடான 60-க்குப் பின் 0 சேர்த்தால் வேலை செய்யாது. சேவைகளை விளம்பரப்படுத்தும் வாசகங்கள் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்துக்குள் வரும். வெளியிடும் முன் அனுமதி தேவையா என்று பாருங்கள்.

பணம் குறைவு என்றால், முதலில் இலவசமான மேப்பைச் சரிசெய்து, பணத்தை அகப்பக்கத்துக்கு வையுங்கள்.