ஏலகிரியா, வேலூர்க் கோட்டையா? உள்ளூர்க்காரர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை

இலங்கையில் கண்டிப் பக்கத்திலிருந்து படிக்க வந்து காட்பாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மாடி வீட்டு அண்ணன் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று பேச்சு எழுந்தால் இரண்டு பெயர்தான் அடிபடும், ஏலகிரி இல்லையென்றால் கோட்டை. இரண்டுக்கும் அவர்களோடு போயிருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே தங்கியிருக்கிற யார் கேட்டாலும் முதலில் கோட்டைக்குப் போங்கள் என்பேன்.

ஏலகிரி நல்ல இடம், அதில் சந்தேகமே இல்லை. 14 கொண்டை ஊசி வளைவு, மேலே குளிர்ந்த காற்று, புங்கனூர் ஏரியில் படகு. போகிற வழியில் ஆம்பூர் வேறு வருகிறது, சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். ஆனால் வேலூரிலிருந்து 90 கிலோமீட்டர் பக்கம், போக வர அரை நாள் வண்டியிலேயே கழிந்துவிடும்.

தூரத்தைக்கூட விடுங்கள். ஏலகிரியில் அண்ணன் குடும்பமும் என்னைப் போலவே வெளியூர்க்காரர்கள்தான். படகுக்கு எங்கே டிக்கெட், எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று அவர்களும் விசாரித்துக்கொண்டுதான் நடந்தார்கள். கோட்டைக்குள் கால் வைத்ததும் அதே குடும்பம் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரை வீரரும் செதுக்கியிருப்பதை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் அம்மா சத்துவாச்சாரியில் பிறந்து வளர்ந்தவர், பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ இந்தக் கோயில்ல சாமியே கிடையாது, லிங்கம் எங்க ஊர்லதான் இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். 1981ல்தான் லிங்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள், அந்த நாளில் தெரு எப்படி இருந்தது, யார் யார் அழுதார்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பழகின மனிதர்களோடு போவதே இந்தப் பேச்சுக்காகத்தானே, அதை மலையில் எங்கே தேடுவது?

இந்தக் கோட்டையில் நடந்த 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்பதால் அண்ணன் மகள் அதை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டாள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் 1816ல் நாடு கடத்திக் கொண்டுவந்து வைத்தது இந்தக் கோட்டையில்தான், 1832ல் இங்கேயே இறந்துபோனார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அங்கே நின்றபோது பேசுகிற முறை என்னுடையது, கண்டி அரண்மனை, ஏரி, 1815ல் சொந்தப் பிரதானிகளே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். இத்தனை வருஷம் அந்த வழியாகப் போய் வந்தும் உள்ளே வந்ததே இல்லை என்றார் அண்ணன். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் மண்டபத்தைத் தவறவிட வேண்டாம்.

செலவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கோட்டை பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருக்கிறது, ஷேர் ஆட்டோ போதும். மதியம் வீட்டுக்கே திரும்பி அக்கா வைத்த முள் கத்தரிக்காய்க் குழம்பைச் சாப்பிட்டோம், அப்புறம்தான் முத்து மண்டபம் பார்க்கக் கிளம்பினோம்.

ஒன்று, நான் கோட்டைக்குப் போனது மார்கழியில். சித்திரை வெயிலில் அந்தக் கருங்கல் தரையில் செருப்பில்லாமல் நடந்து பார்த்ததில்லை, அதனால் அந்த மாதங்களில், அதுவும் சின்னக் குழந்தைகளோடு என்றால், ஏலகிரியை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படிப் போவதானால் சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுங்கள், ஞாயிறு மாலை மலை இறங்குகிற வண்டிகள் வளைவுக்கு வளைவு நின்று நின்றுதான் நகரும்.