காரைக்குடிப் பலகாரம் ஆஸ்திரேலியச் சாலையில்: எது தேறும், எது தேறாது

காரைக்குடி, தேவகோட்டைப் பலகாரக் கடைகளில் “ஆஸ்திரேலியா போகிறோம்” என்றால், சீர் தட்டுக்கு வைப்பதுபோல எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கட்டிக்கொடுப்பார்கள். மெல்பர்னில் மகள் வீட்டில் இறக்கி வைப்பதற்கு அது போதும். போர்ட் அகஸ்டாவிலிருந்து பாலைவழியாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை கார் ஓட்டி, பிறகு கடற்கரைச் சாலையிலும் சுற்றப் போகிறவர்கள் பொறுக்கித்தான் வாங்க வேண்டும்.

அந்தப் பாலைவழிதான் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. அதில் போர்ட் அகஸ்டாவிலிருந்து இடையிலுள்ள கூபர் பெடி ஊருக்கே சுமார் 540 கி.மீ. அதில் க்ளெண்டம்போ என்ற சிற்றூர் தாண்டிய கடைசி 250 கி.மீ. அளவுக்குக் கடையும் இல்லை, பெட்ரோல் பங்கும் இல்லை. வழியில் மற்ற இடங்களில் இருக்கும் ரோட்ஹவுஸ் என்ற சாலையோரக் கடைகளில் பெரும்பாலும் இறைச்சி அடைத்த பை (pie), பர்கர், சிப்ஸ்தான். சைவக்காரர்களுக்குக் கைவசம் பலகாரம் இருந்தே ஆக வேண்டும்.

பாலைப் பகுதியில் காற்று வறண்டது. முறுக்கு வகை நாள்கணக்கில் நமுக்காது. ஆனால் கோடையில் கூபர் பெடியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பூட்டி நிறுத்திய காருக்குள் அதைவிட அதிகம். எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், நெய் உருகி ஒழுகும். கடற்கரையில் இதற்கு நேர்மாறு. 243 கி.மீ. நீளமுள்ள கிரேட் ஓஷன் ரோட்டில் ஈரக் காற்று ஒரே சாயங்காலத்தில் திறந்த பொட்டலத்தை நமுக்க வைத்துவிடும். இரண்டையும் தாங்குகிற பலகாரம் மிகச் சிலதான்.

முதல் இடம் தேன்குழலுக்கு. பச்சரிசி 4 பங்குக்கு வறுத்த உளுந்து 1 பங்கு என்ற பழைய கணக்கில் போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். உளுந்து கூடினால் வாயில் கரையும், ஆனால் சரளைச் சாலையின் குலுக்கலில் பொடிந்து தூளாகிவிடும். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார் போட்டது, அதில் கவலையில்லை. ஊட்னடட்டா தடம் போன்ற மண்சாலையில் வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அங்கே கார் நடுங்குகிற நடுக்கத்துக்குத் தேன்குழலைவிடக் கைமுறுக்குதான் நிற்கும். சுற்று தடிமன், நடுவில் இடைவெளி குறைவு, உடைந்தாலும் துண்டாகத்தான் உடையும்.

சீப்புச் சீடை உருவத்தில் உறுதி. ஆனால் தேங்காய்ப்பால் ஊற்றிப் பிசைந்தது வெயிலில் முதலில் கெடும். பயணத்தின் முதல் நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மனகோலத்தைப் பாலைப் பகுதியில் வாயார மெச்சலாம்: வெல்லப்பாகு இறுகியே இருக்கும், பொட்டுக்கடலையும் தேங்காய்ப் பல்லும் கடிபட, நல்ல தெம்பு. கடற்கரைக்கு இறங்கியதும் வெல்லம் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். ஆகவே பாலைப் பகுதியிலேயே முடித்துவிட வேண்டும். அதிரசம் வேண்டாம், உள்ளே ஈரப்பதம் உள்ள பண்டம், பூஞ்சை பிடிக்கும். மாவுருண்டை மனதுக்கு நெருக்கமானதுதான், ஆனால் நெய்.

இந்த நெய்யும் பாலும் விமான நிலையத்திலேயே தொல்லை தரும். நோயும் பூச்சியும் நாட்டுக்குள் வராமல் தடுக்கும் ஆஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்புச் சோதனை கண்டிப்பானது. பால்கோவா, பர்பி, பேடா வகைகளைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. தேன்குழலுக்கும் வெண்ணெய்க்குப் பதில் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். ஆச்சிமார் முகம் சுளித்தாலும் செய்து தருவார்கள். கறிவேப்பிலை கிடக்கும் மிக்சர் வேண்டாம். எதைக் கொண்டுபோனாலும் வருகை அட்டையில் உணவு என்று அறிவித்துவிடுங்கள். அறிவித்த பொருளை எடுத்துக்கொண்டால் பொருள்தான் போகும். அறிவிக்காமல் பிடிபட்டால் அபராதம். பெயரை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். தேன்குழலில் தேன் இல்லை. “தேன்” என்று வாயைத் திறந்தால் பெட்டி முழுக்கப் பிரிபடும். அரிசிமாவு, உளுந்து, எண்ணெய், உப்பு என்று சேர்மானம் அச்சிட்ட சீட்டைப் பொட்டலத்தில் ஒட்டித் தரும் கடையாகப் பார்ப்பது நல்லது.

பனையோலைக் கொட்டானில் வைத்துத் தருகிறோம் என்பார்கள். அழகுதான், ஆனால் அதுவும் தாவரப் பொருள், தனியாக அறிவித்துக் காட்ட வேண்டும், காற்றும் புகும். இறுக மூடுகிற எவர்சில்வர் சம்படமே சிறந்தது. பலகாரத்தைச் சூட்டோடு அடைத்தால் ஆவி தங்கி இங்கேயே நமுத்துவிடும். விமானத்துக்கு 2 நாள் முன்பு போட்டு, முழுக்க ஆறியபின், 200 கிராம் பொட்டலங்களாக ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பொட்டலம் திறந்தால் அன்றே தீர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அளவு. மூடிக்குக் கீழே இடைவெளி இருந்தால் தாளைக் கசக்கித் திணியுங்கள். உடைவது பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில் ஆடி ஆடித்தான். 2 பேர், 10 நாள் என்றால் ஒன்றரைக் கிலோ தாராளம்.

காரில் பின்கண்ணாடிக்குக் கீழே சம்படத்தை வைக்காதீர்கள். முன்சீட்டுக்குப் பின்னால் தரையில், ஏசி காற்று படும் இடம் சரி. உப்புப் பலகாரம் தாகம் கூட்டும். தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டராவது இருக்கட்டும், கடையில் உப்பையும் குறைக்கச் சொல்லலாம். ஓட்டுகிறவர் ஓட்டும்போது தின்ன வேண்டாம். எதிரே 53.5 மீட்டர் வரை நீளமுள்ள ரோடு டிரெயின், அதாவது பல டிரெய்லர் கோத்த லாரி, வரும் சாலை அது; மனகோலப் பிசுக்கு ஒட்டிய கையால் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கூடாது. 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இளைப்பாறச் சொல்கிறார்கள், அப்போது தின்றால் போதும். விடியலிலும் அந்தியிலும் கங்காரு குறுக்கே பாயும். பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்ந்து, மிச்சத்தைக் காபியோடு வைத்துக்கொள்ளலாம்.

கடற்கரையில் சம்படத்தைத் திறந்தபடி வைத்தால் கடற்காகம் கொத்திக்கொண்டு போகும். டிங்கோ நாய் பக்கத்தில் வந்தாலும் எதுவும் போடக் கூடாது. நமுத்துப்போன தேன்குழலை வீசிவிடாதீர்கள்: வெறும் வாணலியில், சின்னத் தீயில், புரட்டிப் புரட்டி 5 நிமிடம் வைத்து, ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். சூட்டோடு கடித்துப் பார்த்து “வரவில்லையே” என்று முடிவுகட்ட வேண்டாம், ஆறியபின்தான் இறுகும்.