ப்ளூயி வீடியோ கேம்: எங்கள் வீட்டில் இரண்டு வருடம்

2023 டிசம்பர் கடைசியில் மெல்பனிலிருந்து வந்த மச்சாள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சட்டையும், பொதுவில் ஒரு பிளேஸ்டேஷன் 4 விளையாட்டு டிஸ்க்கும் கொண்டுவந்து தந்தார். உறையில் நீல நாய்க்குட்டி ப்ளூயி, அதே பெயரில் வரும் அவுஸ்திரேலியக் கார்ட்டூனின் நாயகி. மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு நாலு. கார்ட்டூன் தொடங்கியபோது ப்ளூயிக்கும் தங்கச்சி பிங்கோவுக்கும் இருந்த அதே வயது. யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தே அந்த நாய்க் குடும்பத்தை இரண்டு பேரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

திருகோணமலையில் அது மாரி காலம். வாடைக்காற்று அடிக்கும்போது கடல் பொல்லாதது, டச்சுக் குடாவில் பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விடமாட்டோம். உவர்மலையில் எங்கள் வீட்டு யன்னல்களைச் சாத்திவிட்டு, பிள்ளைகளோடு பகல் முழுக்க உள்ளே இருக்க வேண்டிய பாடசாலை விடுமுறை. அதனால் அன்றைக்கு மாலையே டிஸ்க்கைப் போட்டோம். கணவருடைய பழைய பிளேஸ்டேஷன், இரண்டு கொன்ட்ரோலர். ப்ளூயியும் பிங்கோவும் ஒரு புதையல் வரைபடத்தைப் பின்தொடர்ந்து போகிற கதை. வீடு, விளையாட்டுத் திடல், ஓடை, கடற்கரை என்று இடம் மாறி மாறிப் போகிறது. மொத்தம் நாலு அத்தியாயம். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே கதை முடிந்துவிட்டது.

"முடிஞ்சுதா அம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது.

பிள்ளைகள் படுத்த பிறகு விமர்சனங்களைத் தேடி வாசித்தேன். ஸ்பெயின் நாட்டு ஆர்டாக்ஸ் கேம்ஸ் செய்து, அவுட்ரைட் கேம்ஸ் 2023 நவம்பர் 17 அன்று வெளியிட்ட விளையாட்டு இது. நல்லது சொன்னவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: பார்வைக்குக் கார்ட்டூனேதான், அதே நிறம், அதே வீடு, அதே குரல்கள். குறை சொன்னவர்களும் ஒன்றையே சொன்னார்கள். கதை இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது, அங்கங்கே கோளாறுகள் இருக்கின்றன, இதற்கு 40 டொலர் அதிகம். வெளிவந்த நாளில் அமெரிக்காவில் விலை 39.99 டொலர். ஒரு டொலர் 300 ரூபாவுக்கு மேல் நின்ற காலம் அது. கணக்குப் பார்த்தால் 12,000 ரூபாவைத் தாண்டும். மச்சாளிடம் விலையைக் கேட்டேன், அவர் சொல்லவேயில்லை.

விலை பற்றிய அந்தக் குறையோடு நான் இன்றைக்கும் ஒத்துப்போகிறேன். மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு வீட்டுக்கு 12,000 ரூபா சின்னக் காசில்லை. ஆனால் "இரண்டு மணி நேரம்" என்ற கணக்கு எனக்கு அன்றே உறுத்தியது, இந்த இரண்டு வருடத்தில் அது சரியில்லை என்று நன்றாகவே தெரிந்துவிட்டது. அந்தக் கணக்கை எடுத்தவர் ஒரு பெரியவர். தொடங்கி, கதையைத் தொடர்ந்து, முடித்து, மூடி வைத்துவிட்டு எழுதியிருக்கிறார். நாலு வயதுப் பிள்ளை எதையும் அப்படி முடிப்பதில்லை. கார்ட்டூனே ஒரு பகுதி ஏழு நிமிடம்தான், அந்த ஏழு நிமிடத்தை என் மகன் நாற்பது தடவையாவது பார்த்திருப்பான். அவனிடம் போய் "இது எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கதையை மகள் மூன்று தடவை முடித்தாள். மகன் முதல் நாளுக்குப் பிறகு கதைப் பக்கமே போகவில்லை, அவனுக்கு வேண்டியது கீப்பி அப்பி. ஒரு பலூன், அதைத் தரையில் விழ விடக்கூடாது, அவ்வளவுதான். கார்ட்டூனில் வந்த விளையாட்டையே இதில் தனியாகவும் விளையாட வைத்திருக்கிறார்கள். அதைப் போலவே தரையில் கால் படாமல் தாவிப் போவதும், மந்திர சைலஃபோனும், சட்டர்மக்ஸ் என்ற அந்தக் கத்தும் பொம்மையைத் துரத்துவதும் உண்டு. முதல் மாதம் முழுக்கத் தினமும் அரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை என்று வைத்திருந்தோம். அந்த அரை மணி நேரமும் பலூன்தான்.

ஒரு நாள் விளையாட்டு நடுவில் கரண்ட் போனது. மழை இரவு. இரண்டு பேரும் அழப் போகிறார்கள் என்று நினைத்து டோர்ச்சைத் தேடினேன். அதற்குள் மகள் அலுமாரியிலிருந்து, பிறந்தநாளுக்கு வாங்கி மிச்சமாகக் கிடந்த பலூன் ஒன்றை எடுத்து ஊதிவிட்டாள். டோர்ச் வெளிச்சத்தில் ஹோலில் கீப்பி அப்பி தொடங்கியது. அப்பம்மா கதிரையில் இருந்தபடியே, தன் பக்கம் வந்த பலூனைக் கையால் தட்டி மேலே விட்டார். முழங்கால் வருத்தத்தில் எழும்பவே யோசிக்கிற மனுஷி. கரண்ட் வந்த பிறகும் யாரும் டிவியைப் போடவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பலூன் பைக்கற் தீர விட்டதே இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு விளையாட வேண்டும் என்ற சட்டமும் அப்போது வந்ததுதான்.

இது எல்லாம் விளையாட்டு செய்தவர்களின் கெட்டித்தனம் என்று நான் சொல்லவில்லை. அந்த யோசனை ஜோ பிரம் உருவாக்கிய கார்ட்டூனுக்குச் சொந்தம். 2018 ஒக்டோபரில் அவுஸ்திரேலியாவில் ஓடத் தொடங்கியதிலிருந்து அது சொல்லிக்கொண்டு வருவதே, வீட்டில் கிடக்கிற சாமானே பிள்ளைக்குப் போதும், பெற்றோர் கூட உட்கார்ந்தால் போதும் என்பதுதான். ஆனால் அந்த யோசனையைக் கெடுக்காமல் கொண்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கென்று வரும் விளையாட்டுகள் பலவற்றில் காசு கேட்கும் பெட்டிகள், இடையில் விளம்பரம், "நாளைக்கு வா, பரிசு தருகிறேன்" என்ற தூண்டில். இந்த டிஸ்க்கில் அப்படி ஒன்றும் இல்லை. களைத்தால் பிள்ளை தானே நிறுத்திவிடுகிறது. ஒரு தாயாக எனக்கு இது பெரிய விஷயம், நான் வாசித்த விமர்சனங்களில் யாரும் இதை அழுத்திச் சொல்லவில்லை.

கடற்கரை அத்தியாயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் தடவை அங்கே போனபோது மகன் கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கேட்டான்: "இந்தக் கடற்கரையில ஏன் வள்ளம் இல்ல?" அவன் பிறந்ததிலிருந்து பார்த்த கடற்கரையில் வள்ளமும் வலையும் காய்கிற மீனும் இருக்கும், காகம் இருக்கும். அது அவுஸ்திரேலியக் கடற்கரை, குளிக்கப் போகிற இடம் என்று விளங்கப்படுத்தினோம். மாரி முடிந்து நிலாவெளிக்குப் போன நாளில், தண்ணீர் ஓரத்தில் நின்றுகொண்டு, "இது ப்ளூயியின்ர கடல், அங்கால போனா எங்கட கடல்" என்று அவனே பிரித்துச் சொன்னான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் விளையாடலாம்: ப்ளூயி, பிங்கோ, அப்பா பன்டிட், அம்மா சில்லி. எல்லோரும் ஒரே திரையில், ஒரே வீட்டில் இருந்துதான், இணையத்தில் சேர்ந்து விளையாட வழியில்லை. அதனால் இரண்டு கொன்ட்ரோலர் காணாது. நாங்கள் மூன்றாவதைப் பழையதாக வாங்கினோம், இதன் உண்மையான சுவை அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கணவர் பன்டிட்டாக வந்து சும்மா நின்றாலே பிள்ளைகளுக்குச் சிரிப்பு. பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் வெளிநாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். விமர்சகர்கள் எழுதிய கோளாறுகளுக்குப் பயந்து அப்டேட்டை இறக்கிவிட்டே தொடங்கினோம், எங்களை நிறுத்திவைக்கும் அளவுக்கு ஒன்றும் வரவில்லை. பேச்சு ஆங்கிலம். மகனுக்கு முதலில் பாதி விளங்கவில்லை, ஆனால் பலூனைத் தட்ட ஆங்கிலம் தேவைப்படவில்லை.

குறை என்று நான் சொல்வது வேறொன்று. கார்ட்டூனில் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு இடத்தில் நெஞ்சு இளகும். அப்பா களைத்துப்போய் நிற்கிற ஒரு நொடி, அம்மா பேசாமல் பார்க்கிற ஒரு பார்வை. விளையாட்டின் கதையில் அந்த இடம் எனக்குக் கிடைக்கவில்லை. கதை ஓடுகிறது, தேடுகிறது, முடிகிறது. விமர்சகர்கள் "சின்னது" என்று எழுதியதற்குப் பின்னால் இந்த ஏமாற்றமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். சர்வதேச எம்மி என்ற தொலைக்காட்சி விருது வாங்கிய ஒரு தொடரின் பெயரை உறையில் போட்டால், அதே அளவு அன்பை எதிர்பார்ப்பார்கள்தானே.

கார்ட்டூனை வைத்துச் செய்த விளையாட்டுகளுக்கு வந்த நாளில் கிடைக்கும் தீர்ப்பு, பிறகு மாறிய கதையும் உண்டு. 2003இல் ஸ்பான்ஜ்பாப்பை வைத்து வந்த ‘பேட்டில் ஃபார் பிகினி பாட்டம்’ விமர்சகர்களிடம் நடுத்தரமான பெயர்தான் வாங்கியது. அதை விளையாடி வளர்ந்த பிள்ளைகள் விடவில்லை, 2020இல் புதிதாகச் செய்து திரும்ப வெளியிட்டார்கள். ப்ளூயிக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல நான் யார். ஆனால் பிள்ளைகளின் கணக்கு வரப் பதினைந்து வருடம் எடுக்கும், விமர்சனம் முதல் வாரத்தில் வந்துவிடும்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. விளையாட்டுக்குள் ஒளித்துவைத்த பொருட்கள் எல்லாவற்றையும் முதல் ஆறு மாதத்திலேயே எடுத்துவிட்டாள், இப்போது அவளுக்கு இது லேசாகப் போய்விட்டது. கொஞ்சம் யோசிக்க வைக்கிற விளையாட்டுக் கேட்கிறாள். ப்ளூயியின் ஊரான பிரிஸ்பேனில் இருக்கும் ஹாஃப்பிரிக் நிறுவனம், ‘ஃப்ரூட் நிஞ்ஜா’ விளையாட்டைச் செய்தவர்கள், ஜோ பிரம்மின் கதையோடு இன்னொரு ப்ளூயி விளையாட்டை 2025இல் அறிவித்தார்கள். அவளுக்கு அதில்தான் கண். ஆறு வயது மகன் இன்னும் கிழமையில் ஒரு நாளாவது இதைப் போடுகிறான். மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் பிள்ளை இருந்தால், முழு விலை கொடுக்காமல், விலைக்கழிவில் வரும்போது அல்லது பழையதாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம்.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்கு டிஸ்க்கைச் சில நாளைக்கு இரவல் கொடுத்தோம். மகள்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள், கூடவே ஒரு பைக்கற் பலூனும்.