கொலிமா நாய் பொம்மை: நகல் அருமை, "பழசு" வேஷம்தான் வேண்டாம்

மெக்சிகோவில் குவாதலஹாரா பக்கத்தில் ட்லாகேபாகே என்ற ஊரில், ஒரு மண்பாண்டக் கடையில் 1,200 பெசோ கொடுத்து வாங்கிய கொலிமா நாய் இது, பழைய சுடுமண் பொம்மையின் நகல். ஐந்துக்கு மூன்று தருகிறேன். பொம்மைக்கு நாலரை, விற்ற விதத்துக்கு ஒன்றரை.

இந்த நாயைத் தெரியாதவர்களுக்கு: மெக்சிகோவின் மேற்கே கொலிமா, ஹலிஸ்கோ, நயாரித் வட்டாரத்தில் ஏறக்குறைய கி.மு. 300 முதல் கி.பி. 400 வரை, செத்தவர்களைச் செங்குத்தாகக் குழி தோண்டி அதன் அடியில் பக்கவாட்டில் குடைந்த அறைகளில் வைத்தார்கள். கூடவே சுடுமண் உருவங்கள். பந்தாட்டக்காரர்கள், ஜோடியாக உட்கார்ந்த ஆணும் பெண்ணும், ஆட்கள் நிறைந்த வீடுகள், அப்புறம் இந்தக் குண்டு நாய்கள்.

நகலில் செய்நேர்த்தி நிஜமாகவே நன்றாக இருக்கிறது. குட்டைக் கால், விடைத்த காது, உப்பிய வயிறு, வாலில் நீர் ஊற்றும் மூக்கு. சிவப்புக் களிமண் கரைசலைப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து ஏற்றிய பளபளப்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கல் ஓடிய தடம் கோடு கோடாகத் தெரிகிறது, வார்னிஷ் அடித்த மலிவு நகல்களில் இது இருக்காது. ஆனால் அந்த வால் மூக்கு வழியாக மொபைல் டார்ச் அடித்துப் பார்த்தால் வயிற்றின் உள்பக்கம் அச்சில் எடுத்த இரண்டு பாதிகளும் சேர்ந்த வரி நீளமாக ஓடுகிறது. பழைய நாய்கள் கையால் வனைந்தவை. 1,200 பெசோவுக்கு அச்சுதான் கிடைக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கடுப்பானது வேறு இடத்தில். மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த அசல்களில் மாங்கனீசு படிந்து கருப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். அதைக் காட்டுவதற்காக இதில் கருப்புச் சாயம் தெளித்து, காதுக்குப் பின்னால் சேற்றையும் அப்பியிருக்கிறார்கள். ஈரத்துணியால் ஒரு துடை, சேறும் போச்சு, பாதிப் புள்ளியும் போச்சு. போதாததற்கு, கடைக்காரர் குரலைத் தாழ்த்தி "உள்ளே அசல் ஒன்று இருக்கிறது, பார்க்கிறீர்களா" என்றார். அசல் என்றால் கல்லறையைத் திருடித் தோண்டியது, இல்லையென்றால் பொய். மெக்சிகோவின் 1972 சட்டப்படி தொல்பொருள் எல்லாம் நாட்டின் சொத்து, வாங்கி வெளியே கொண்டுபோக முடியாது. இந்தத் திருட்டால்தான் அருங்காட்சியகங்களில் இருக்கும் உருவங்களில் பெரும்பாலானவை எந்தக் குழியில், யார் பக்கத்தில் இருந்தன என்றே தெரியாமல் போய்விட்டது. 1993இல் ஹலிஸ்கோவில் உய்த்ஸிலாபா கல்லறை, ஏழு மீட்டருக்கு மேல் ஆழத்தில், ஆறு பேரின் எலும்புகளோடு கைபடாமல் கிடைத்தபோது ஆய்வாளர்கள் கொண்டாடியது சும்மா இல்லை.

போலி விஷயத்தில் நிபுணர்களே ஏமாந்திருக்கிறார்கள். மெக்சிகோவின் வெராக்ரூஸ் மாநிலத்துக் குயவர் பிரிஹிதோ லாரா 1974இல் பழம்பொருள் கடத்தினார் என்று கைதானார். "இதையெல்லாம் செய்ததே நான்தான்" என்று சிறைக்குள் களிமண் வாங்கி வனைந்து காட்டித்தான் வெளியே வந்தார். பிறகு அதே மாநிலத்தின் ஹலாப்பா நகர அருங்காட்சியகத்திலேயே அவருக்கு வேலை கிடைத்தது. அப்படிப்பட்ட கை செய்ததைக் கடை மூலையில் ஐந்து நிமிஷம் நின்று அசலா நகலா என்று நாம் சொல்லிவிட முடியுமா?

பொம்மையோடு ஒரு துண்டுச் சீட்டும் வரும்: செத்தவரின் ஆவியை ஆறு கடத்திக் கூட்டிப்போகும் நாய் என்று. அந்தக் கதை 16ஆம் நூற்றாண்டில் மத்திய மெக்சிகோவின் நாவா மக்களிடம் (அஸ்டெக்குகள் இவர்களில் ஒரு பிரிவு) கேட்டு எழுதப்பட்டது, கொலிமா நாய்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பிந்தியது. கொலிமாக்காரர்கள் எழுத்து எதையும் விட்டுப் போகவில்லை. அந்தக் காலத்தில் நாயைக் கொழுக்க வளர்த்துச் சாப்பிடவும் செய்தார்கள் என்பதைச் சீட்டு சொல்லாது, விற்பனை கெட்டுவிடும்.

சரி, வாங்கலாமா? தாராளமாக. சேறு அப்பாததாக, அடியில் செய்தவர் பெயரோ முத்திரையோ உள்ளதாகப் பாருங்கள், நகல் என்று எழுதிய பில் கேட்டு வாங்குங்கள், விமான நிலையத்தில் கேட்டால் காட்டலாம். கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயாரென்றால் அரசுத் தொல்லியல் நிறுவனத்தின் அருங்காட்சியகக் கடைகளில் முறையான நகல்கள் உண்டு. வாலையும் காதையும் தனித்தனியாகச் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள், முதலில் உடைவது அவைதான். நான் அடுத்து தேடுவது இரண்டு நாய்கள் ஒன்றையொன்று பார்த்து ஆடுகிற உருவம், அதுவும் சாயம் தெளிக்காததாக.