டிரைவைக் கழற்றினால் கம்ப்யூட்டரே எழும்பவில்லை

"லினக்ஸ்ல எக்ஸ்டர்னல் டிரைவ் தானா மவுண்ட் ஆக வழி இருக்கா? தினம் கிளிக் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு" என்று நேற்று ஒரு நண்பர் கேட்டார். மவுண்ட் என்றால், செருகிய டிரைவை ஒரு ஃபோல்டரில் திறந்துவைப்பது. வழி இருக்கிறது. மூன்று வருஷமாக என் அப்பா வீட்டில் ஓடுகிறது. ஆனால் பதில் சொல்ல வாயெடுத்ததுமே பழைய கடுப்பு கிளம்பிவிட்டது.

மதுரை வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், அதில் 2 டிபி டிரைவ். பழைய படங்களும் கல்யாண வீடியோக்களும் அதில்தான். ஃபைல் மேனேஜரில் கிளிக் செய்ய யாராவது லாகின் செய்திருக்க வேண்டும். அப்பாவுக்கு எதற்கு அந்தத் தொல்லை என்று எந்த டிரைவை எங்கே மவுண்ட் செய்வது என்று கம்ப்யூட்டர் எழும்போது பார்த்துக்கொள்கிற எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் ஒரு வரி எழுதிவைத்தேன். லினக்ஸ் டிரைவ்களுக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் மாறக்கூடும் என்பதால், டிரைவுக்கே உரிய அடையாள எண்ணான யூயூஐடி போட்டுத்தான் எழுதினேன். அதுவரை நான் கெட்டிக்காரன்தான்.

ஒருநாள் வீடியோ காப்பி எடுக்கத் தம்பி டிரைவைக் கழற்றிக்கொண்டு போனான். அன்று சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. அப்பாவிடமிருந்து போன்: "ஏதோ செவப்பு நட்சத்திரம் அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுதுப்பா. பக்கத்துல ஒண்ணரை நிமிஷம்னு போட்டிருக்கு." இல்லாத டிரைவுக்காக, லினக்ஸை எழுப்புகிற சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கிறது. அது முடிந்ததும் "சரி, டிரைவ் இல்லை, மேலே போவோம்" என்று போகுமா என்றால், போகாது. பழுதுபார்க்க மட்டுமே உதவுகிற எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. நெட்வொர்க்கும் கிடையாது, தூரத்திலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழையவும் முடியாது. தம்பி நாலு நாள் கழித்து டிரைவைக் கொண்டுவந்து செருகிய பிறகுதான் பெட்டி எழுந்தது.

அதன் நியாயமும் எனக்குப் புரிகிறது. எஃப்எஸ்டேப் யூனிக்ஸ் காலத்துச் சொத்து. அதில் எழுதிய டிஸ்க் பெட்டிக்குள்ளேயே இருக்கும் என்று நம்புகிற கோப்பு. பக்கத்தில் "நோஃபெயில்" என்று ஒரே ஒரு சொல் சேர்த்திருந்தால் காத்திருக்காமல் போயிருக்கும். அந்தச் சொல்லை நான் சேர்க்கவில்லை. யூஎஸ்பியில் தொங்குகிற டிரைவுக்கு அது தானாகவே இருந்தால் என்ன குறைந்துவிடும்?

சேர்த்தேன். நிம்மதி ஆறு மாதம் நீடித்தது. பிறகு யூஎஸ்பி கேபிள் லூஸாகி ஒருநாள் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை. நோஃபெயில் இருப்பதால் பெட்டி சத்தமே போடாமல் எழுந்துவிட்டது. ராத்திரி ஓடி டிரைவுக்குக் காப்பி எடுக்கிற ஆர்சிங்க்கும், டிரைவ் மவுண்ட் ஆகியிருக்க வேண்டிய அந்த வெறும் ஃபோல்டருக்குள்ளேயே போட்டோக்களைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் 128 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பி வழிந்தது. இதற்குள் யாரோ கேபிளை அழுத்திவிட, டிரைவ் அடுத்த முறை கம்ப்யூட்டர் எழுந்தபோது அதே ஃபோல்டர் மேல் ஏறி உட்கார்ந்து, அடியில் கிடந்த ஃபைல்களை மறைத்துவிட்டது. டிஸ்கில் மிச்ச இடம் எவ்வளவு என்று சொல்லும் டிஎஃப் கட்டளையைக் கேட்டால் டிஸ்க் ஃபுல். எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சொல்லும் டியூ கட்டளையைக் கேட்டால் ஒன்றுமே இல்லை. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். டிரைவை அன்மவுண்ட் செய்து, அதாவது ஃபோல்டரிலிருந்து இறக்கிப் பார்த்தபோதுதான் அத்தனையும் கண்ணில் பட்டது.

இப்போது ஆர்சிங்க்குக்கு முன்னால் "மவுண்ட்பாயிண்ட்" கட்டளை ஒன்று ஓடி, டிரைவ் இருக்கிறதா என்று பார்க்கிறது. டிரைவ் இல்லாத நேரத்தில் அந்த வெறும் ஃபோல்டருக்கு "சாட்டர் +ஐ" (chattr +i) போட்டு, உள்ளே எதையும் எழுத முடியாதபடி பூட்டியும்விட்டேன். அதன்பிறகு, வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தாலும், ஒரு குறையும் இல்லை. மற்றபடி, எஃப்எஸ்டேப் கோப்பை மாற்றியதும் ரீபூட் செய்து பார்க்காமல், அதில் உள்ளதையெல்லாம் மவுண்ட் செய்யும் "மவுண்ட் -ஏ" கட்டளையை ஓட்டிப் பாருங்கள். தப்பிருந்தால் பெரும்பாலும் அங்கேயே திட்டிவிடும்.

நண்பருக்குச் சொன்ன பதில்: "கிளிக்கே பண்ணுங்க." அவர் விடவில்லை, "அப்ப நீங்க ஏன் மாத்தல?" என்றார். அப்பா ரிமோட்டை அழுத்தினால் படம் வருகிறது, நான் எதற்கு மாற்றப்போகிறேன்?