திருமலை ஜைனர் கோயிலும் வெங்காயமில்லாத சாம்பாரும்

திருமலைன்னதும் லட்டு ஞாபகம் வந்தா அது வேற ஊருங்க, இது திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கு, ஆரணி போளூர் ரோட்டுல வடமாதிமங்கலத்துல இறங்கி உள்ள போகணும். ஆட்டோவுல ஏறுறதுக்கு முன்னாடியே ரேட் பேசிடுங்க, எங்ககிட்ட வாய்க்கு வந்தத கேட்டாங்க.

கீழ குந்தவை ஜினாலயம், அதாவது சமணக் கோயில், ராஜராஜ சோழனோட அக்கா பேர்ல. ராஜேந்திரன் கங்கை வரைக்கும் ஜெயிச்சத சொல்ற கல்வெட்டு இந்த மலையிலதான் இருக்கு, ஆனா நின்னு பாக்குற ஆள காணோம், எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடுறாங்க. குகையில சமணக் காவல் தெய்வம் தர்மதேவியோட சிற்பத்த பொறுமையா பாருங்க, மேல பழைய ஓவியம் அங்கங்க மிச்சம் இருக்கு. படியேறி போனா பாறையிலயே செதுக்குன நேமிநாதர், சமணர்கள் கும்பிடுற தீர்த்தங்கரர்கள்ல ஒருத்தர், 16 அடி, உடம்புல ஒட்டுத்துணி இல்லாம நேரா நிக்கிறார், அண்ணாந்து பாத்துட்டு கொஞ்ச நேரம் பேச்சே வரல. செருப்பு போடக்கூடாது, மத்தியானம் பாறை கொதிக்கும், அதனால காலையிலயே ஏறிடுங்க. தோல்ல செஞ்ச பெல்ட், பர்ஸ் வேண்டாம்.

சாப்பாடு கூட வந்த ஃப்ரெண்டோட சொந்தக்காரங்க வீட்ல, தமிழ் சமணக் குடும்பம், நயினார்னு சொல்வாங்க. வெங்காயம் பூண்டு உருளை கேரட்னு மண்ணுக்கு கீழ விளையுறது எதுவும் சமையல்ல கிடையாது, அப்ப சாம்பார்ல என்னதான் இருக்கும்னு நெனச்சுட்டேதான் உக்காந்தேன். பெருங்காயம் தூக்கலா, பருப்பு குழைய வெந்து, முருங்கைக்காய் போட்டு வச்சிருந்தாங்க பாருங்க, ரெண்டாவது தடவையும் சோத்துக்கு அதையே ஊத்திக்கிட்டேன். புடலங்காய் கூட்டு நல்லா இருந்துச்சு, வாழைக்காய் பொரியல்ல மட்டும் உப்பு கம்மி. குழாய் வாயில வெள்ளத்துணி கட்டி வடிகட்டித்தான் தண்ணி பிடிக்கிறாங்க, அதுல இருக்குற சின்ன உயிரு கூட வயித்துக்குள்ள போயிடக்கூடாதாம். அந்த பெரியம்மா "இன்னும் ஒரு கரண்டி வைக்கட்டுமாப்பா"ன்னு கேட்டுக்கிட்டே வச்சுடுறாங்க, ஆனா இலையில மிச்சம் வச்சா மூஞ்சி மாறிடுது, வேணும்கிறத மட்டும் வாங்குங்க.

முக்கியமான விஷயம், பொழுது சாஞ்சா அவங்க சாப்பிட மாட்டாங்க. சாயங்காலம் ஆறரைக்கு மேல போய் டிபன் கிடைக்குமான்னு நிக்காதீங்க. அங்க ஜைன மடம் ஒண்ணும் இருக்கு, தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னாடியே போன் போட்டு கேட்டுட்டு போங்க. ராத்திரி பசி தாங்காதவங்க போளூர் திரும்பிடுறது நல்லது.