அல்சூர் சந்தா, ஒயிட்ஃபீல்டு லேஅவுட்டா: பூட்டிய வீட்டுக்கு எது காவல்?

அல்சூரில் பழைய வீடு ஒன்று, ஒயிட்ஃபீல்டு தாண்டிப் புது லேஅவுட்டில் கார் நிறுத்த இடத்தோடு டபுள் பெட்ரூம் ஒன்று. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடும் நம்மவர்கள் கடைசியில் பெரும்பாலும் இப்படி இரண்டுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். காற்று, தண்ணீர், பள்ளிக்கூடம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். திருட்டு பயத்தை மட்டும் வைத்துக் கேட்டால், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு என் ஓட்டு அல்சூருக்கு. புது லேஅவுட் என்று இங்கே சொல்வது தனித்தனி சைட்டில் எழுந்த வீடுகளை. ஐந்நூறு வீட்டு கேட்டட் அபார்ட்மென்ட் வேறு கணக்கு, அதை இதில் சேர்க்கவில்லை.

ஏரியாவைப் பற்றி புரோக்கர் சொல்வதை விட்டுவிட்டு எஃப்.ஐ.ஆர்.களைப் பாருங்கள். பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்றதை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவு போட்டது. கர்நாடக போலீஸ் தளத்திலும் பார்க்கலாம். வாசகம் கன்னடத்தில் இருந்தாலும் பிரிவு எண் தெரிந்தால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றங்களுக்கு, ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 303 சாதாரணத் திருட்டு, 304 பறிப்பு, 305 வீட்டுக்குள் திருட்டு, 331 அத்துமீறி, உடைத்துப் புகுவது. குடியிருக்கப் போகிறவர் எண்ண வேண்டியது கடைசி இரண்டை. எம்.ஜி. ரோடும் மெட்ரோவும் ஒட்டிய ஏரியாவில் 303 அதிகம் இருந்தால், அதில் கூட்டத்தில் போன செல்போனும் பர்ஸும் கலந்திருக்கும். அல்சூர் கேட் ஸ்டேஷன் அல்சூரில் இல்லை, நகரத்பேட்டை பக்கம் இருக்கிறது. அதன் கணக்கை அல்சூர் தலையில் கட்டிவிட வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்கள் வீடு உடைபடுவதற்கு நள்ளிரவு வேண்டியதில்லை. காலை பத்து முதல் மாலை நாலு வரை போதும். வெளியே தொங்கும் பூட்டு, கேட்டில் செருகிய இரண்டு நாள் பேப்பர், கோலம் இல்லாத வாசல், பகலிலும் எரியும் போர்ட்டிகோ லைட்: ஆள் இல்லை என்பதை வீடே சொல்லிவிடும். அல்சூர் சந்தில் அதைப் படிக்கவே ஒருவன் நின்று பார்க்க வேண்டும். நின்றால் மாடியில் துணி காயப்போடும் ஓனர் அம்மாவோ மூலையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரரோ “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்டுவிடுவார்கள். அந்த ஒரு கேள்வி கேமராவைவிடப் பெரிய வேலை செய்யும்.

லேஅவுட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை. முப்பதுக்கு நாற்பது சைட் வரிசையில் இரண்டு வீட்டுக்கு ஒரு காலி சைட், அதில் இடுப்பளவு பார்த்தீனியம். எங்கேயாவது கட்டட வேலை நடந்துகொண்டே இருப்பதால் டிரில் மெஷினோடு வருகிறவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. டைல்ஸ் அறுக்கும் சத்தத்தில் கொண்டி பெயர்க்கும் சத்தம் காணாமல் போகும். லேஅவுட்டை மாநகராட்சியிடம் ஒப்படைக்காமல் விட்டிருந்தால் தெருவிளக்குக்கும் பொறுப்பாளி கிடைக்க மாட்டார்.

அல்சூர்க் காவலிலும் ஓர் ஓட்டை உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தர்மபுரி, சேலம், வேலூர் என்று ஒரே வாரத்தில் பாதித் தெரு கிளம்பிவிடும். அதனால் ஏரியாவைவிடத் தெருவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. “பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்களா?” என்று கேட்டால் “எங்களுக்கு ஊரே இதுதான்” என்பார்கள். அப்படி நாலு வீடு உள்ள சந்து நல்ல சந்து. இன்னொரு சோதனை: வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்கு நடந்து போய், பத்து வீட்டில் எத்தனைக்கு வெளிப்பூட்டு என்று எண்ணுங்கள். நாலைத் தாண்டினால் அது அல்சூராக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

இரண்டு விஷயத்தில் லேஅவுட்டுக்குத்தான் மார்க். அல்சூரில் பைக் தெருவிலேயே நிற்கும், ஹேண்டில் லாக்கை உதைத்தே உடைத்துவிடுவார்கள். டிஸ்க் லாக்கோடு பின் சக்கரத்தில் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியில் கட்டுவது ஒன்றே வழி. அடுத்தது மொட்டை மாடி. சுவரோடு சுவராக வீடுகள் இருப்பதால் நாலு மாடி தாண்டி வந்துவிடலாம். மாடிக் கதவு பெரும்பாலும் உளுத்த பலகையாகவே இருக்கும். உள்பக்கம் இரும்புப் பட்டை போடாமல் குடிபோக வேண்டாம். ஆனால் இரவு வந்து சேர்வதில் அல்சூர்தான் மேல், அல்சூர் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து நடந்தே வரலாம். லேஅவுட்டுக்குக் கடைசி இரண்டு கிலோமீட்டர் ஆட்டோக்காரர் மனசு.

கேமரா எங்கே போனாலும் ஒரே கதைதான். பன்னிரண்டு அடி உயரத்தில் மாட்டினால் ஹெல்மெட்தான் பதியும். ஏழெட்டு அடியில், வருகிறவன் முகத்துக்கு நேராக ஒன்று வேண்டும். நாலு கேமரா ஒவ்வொன்றும் 2 எம்பிபிஎஸ்-இல் (நொடிக்கு 2 மெகாபிட்) இடைவிடாமல் பதிந்தால் 1 டிபி டிஸ்க் பதினோரு நாளில் நிரம்பி, பழையதை அழிக்க ஆரம்பிக்கும். இரண்டு வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் முதல் நாள் காட்சி இருக்காது. காட்சி பதியும் டிவிஆர் பெட்டியை டிவி ஸ்டாண்டில் வைத்தால் திருடன் அதையும் எடுத்துக்கொண்டு போவான். பரண் மேல் ஏற்றிவிடுங்கள்.

எங்கே எடுத்தாலும் முதல் வேலை வாசல் கொண்டி. பூட்டை உடைக்கவே வேண்டியதில்லை, கடப்பாரையால் நெம்பினால் ஒரு அங்குல மர ஸ்க்ரூ அப்படியே கழன்று வரும். கதவைத் துளைத்துப் போகும் போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் முடுக்குங்கள். வெளிப்பூட்டே தெரியாமல் கதவுக்குள் பதிக்கும் பூட்டு இன்னும் நல்லது. கதவைத் துளைக்க ஓனர் சம்மதிப்பாரா, காலி செய்யும்போது அதை அட்வான்ஸில் பிடிப்பாரா என்று மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.